நறுக்கிய ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது? அந்தக் கேள்வியைத் துரத்தி வைட்டமின் சி-யைப் பிடித்த விஞ்ஞானி! யார் இந்த ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி?

ஒரு ஆப்பிளை நறுக்கி தட்டில் வைக்கிறீர்கள். போன் வருகிறது, பேசப் போய்விடுகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளையாக இருந்த துண்டுகள் எல்லாம் பழுப்பாகிக் கிடக்கும். ஆனா பக்கத்திலேயே உரித்து வைத்த ஆரஞ்சு சுளை மட்டும் அப்படியே இருக்கும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தெளித்து வைத்தால் ஆப்பிளும் சீக்கிரம் கருக்காது.

ஏன் அப்படி? நம்மில் பெரும்பாலானோர் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு நெதர்லாந்தில் கையில் காசு இல்லாமல், நிரந்தர வேலை இல்லாமல் தவித்துக் கொண்டிருந்த ஒரு ஹங்கேரி டாக்டர் இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டார். அது அவரை மாட்டின் சுரப்பி, இறைச்சிக் கூடம், சிவப்பு மிளகாய் என்று எங்கெங்கோ இழுத்துப் போனது. கடைசியில் நோபல் பரிசு மேடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர்தான் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்து, அது இன்னதுதான் என்று அடையாளம் காட்டியவர். இன்றைக்கு ஃபேஸ் கிரீம் முதல் ஜூஸ் பாட்டில் வரை எல்லாவற்றிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதி விற்கிறார்கள் இல்லையா? அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்பதும் இவர் வாழ்க்கையைப் பார்த்தால் புரிந்துவிடும்.

படிப்பு ஏறாத பையன்

1893-ம் ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் சென்ட் ஜியார்ஜி. அம்மா வழியில் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள். தாய்மாமா மிஹாய் லென்ஹோசெக், உடற்கூறியலில் பெரிய பெயர் வாங்கிய பேராசிரியர்.

ஆனா இந்தப் பையனுக்கு சின்ன வயதில் புத்தகம் என்றாலே வேப்பங்காய். இவனுக்கெல்லாம் ஆராய்ச்சி சரிப்பட்டு வராது என்று மாமாவே முடிவு கட்டிவிட்டார். பள்ளியின் கடைசி ஆண்டுகளில்தான் திடீரென்று படிப்பில் வெறி வந்தது. மாமாவும் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. மூல நோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்த அவர், மருமகனை அந்தத் துறைக்கே திருப்பிவிட்டார். அதனால் சென்ட் ஜியார்ஜியின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை ஆசனவாய்ப் பகுதித் திசுவைப் பற்றியது. அறிவியலுக்குள் தப்பான பக்கத்திலிருந்து நுழைந்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

மருத்துவம் படித்துக் கொண்டிருந்தபோதே 1914-ல் முதல் உலகப் போர் வந்துவிட்டது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டார். வீரத்துக்கான வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். ஆனால் கண் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காரணமே இல்லாமல் செத்து விழுவதை அவரால் தாங்க முடியவில்லை. 1916-ல் ஒரு முடிவெடுத்தார். தன் துப்பாக்கியால் தன் கையிலேயே சுட்டுக்கொண்டார். எதிரி சுட்டதாகச் சொல்லி ஊர் திரும்பினார். 1917-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு கொர்னேலியாவைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு நெல்லி என்ற மகள் பிறந்தாள்.

போர் முடிந்தது. தோற்ற நாடான ஹங்கேரி சிதறிப் போனது. வேலை தேடி, ஆராய்ச்சிக்கூடம் தேடி பிராக், பெர்லின், ஹாம்பர்க், லைடன் என்று குடும்பத்தோடு அலைந்தார். 1922-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் சின்னதாக ஒரு வேலை கிடைத்தது.

ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் காலத்து விஞ்ஞானிகளைக் குடைந்து கொண்டிருந்த பெரிய கேள்வி ஒன்று உண்டு. நாம் சாப்பிடும் சாப்பாட்டை நம் செல்கள் எப்படி எரிக்கின்றன? அடுப்பில் விறகு எரிந்தால் நெருப்பு வரும். செல்லுக்குள் நெருப்பு இல்லை. ஆனாலும் ஆக்ஸிஜன் செலவாகிறது, சக்தி கிடைக்கிறது. இந்தத் தீயில்லாத எரிப்பு எப்படி நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளத்தான் சென்ட் ஜியார்ஜி காய் கனிகளைக் கையில் எடுத்தார். ஆப்பிள், உருளைக்கிழங்கு, பேரிக்காய் போன்றவை அடிபட்டால் பழுப்பாகின்றன. நறுக்கும்போது செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும், அதாவது என்சைமும், சில வேதிப்பொருட்களும் ஒன்றாகக் கலக்கின்றன. காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்ள, பழுப்பு நிறம் உண்டாகிறது. ஆரஞ்சு, எலுமிச்சையில் இது நடப்பதில்லை. ஏன்?

அவற்றில் பெராக்ஸிடேஸ் என்ற என்சைம் நிறைய இருப்பது அவருக்குத் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு இந்த என்சைமைச் சேர்த்து, பென்சிடின் என்ற பொருளையும் விட்டால் உடனே நீல நிறம் வரும். இது வழக்கமான சோதனைதான். ஆனால் சுத்தப்படுத்திய என்சைமுக்குப் பதிலாக பழச்சாற்றையே நேரடியாக ஊற்றிப் பார்த்தார். நீல நிறம் வந்தது. ஆனால் உடனே வரவில்லை. ஒரு நொடி போல தாமதமாகி, அதற்கப்புறம்தான் வந்தது.

வேறு யாராவது இருந்திருந்தால் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். சென்ட் ஜியார்ஜி அந்த ஒரு நொடியை விடவில்லை. சாற்றுக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. நீல நிறம் உருவாக உருவாக அது எலக்ட்ரானைக் கொடுத்து நிறத்தை மறுபடியும் அழித்துக் கொண்டே இருக்கிறது. அந்தப் பொருள் தீர்ந்த பிறகுதான் நிறம் நிற்கிறது. அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

இதைத்தான் இன்று ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். தன் எலக்ட்ரானைக் கொடுத்து இன்னொரு பொருள் ஆக்ஸிஜனேற்றம் அடையாமல் காக்கும் பொருள். அவ்வளவுதான்!

வாழ்க்கையே வேண்டாம் என்ற நிலை

அடுத்து அவர் பார்வை அட்ரீனல் சுரப்பி மீது திரும்பியது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. இது வேலை செய்யாமல் போனால் அடிசன் நோய் வரும். அந்த நோயாளிகளின் தோல் பழுப்பாக மாறும். ஆப்பிளும் பழுப்பாகிறது, இவர்களும் பழுப்பாகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ? உண்மையில் அப்படித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் தப்பான அந்த யோசனை சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அட்ரீனல் சுரப்பியிலும் பழச்சாற்றில் இருந்தது போலவே எலக்ட்ரான் கொடுக்கும் பொருள் ஒன்று இருந்தது!

ஆனா அதற்குள் வாழ்க்கை தடம் புரண்டது. அவருக்கு ஆதரவாக இருந்த பேராசிரியர் இறந்துவிட, குரோனிங்கனில் தொடர முடியாத நிலை. மனைவியையும் மகளையும் ஹங்கேரிக்கு அனுப்பி வைத்தார். இனி வாழ்வதில் அர்த்தமில்லை என்ற அளவுக்கு மனம் உடைந்து போயிருந்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பெரிய விஞ்ஞானிகளின் கூட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று 1926-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உடலியல் மாநாட்டுக்குப் போனார்.

மேடையில் பேசியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸ். வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசு வாங்கப்போகிறவர். அவ்வளவு பெரிய மனிதர், தன் உரையில் சென்ட் ஜியார்ஜியின் பெயரைச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவரால் நம்பவே முடியவில்லை. பேச்சு முடிந்ததும் போய் அறிமுகம் செய்துகொண்டார். கேம்பிரிட்ஜுக்கு வரச் சொல்லிவிட்டார் ஹாப்கின்ஸ். ராக்ஃபெல்லர் உதவித்தொகையும் கிடைத்தது. குடும்பம் மறுபடியும் ஒன்று சேர்ந்தது.

பெயர் தெரியாத சர்க்கரை

கேம்பிரிட்ஜில் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அந்த மர்மப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சர்க்கரையைப் போன்றது, ஆறு கார்பன் அணுக்கள் கொண்டது என்பது வரை தெரிந்தது. என்ன பெயர் வைப்பது?

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று சர்க்கரைப் பெயர்கள் எல்லாம் ஓஸ் என்று முடியும். இது என்னவென்றே தெரியாததால், தெரியாது என்ற அர்த்தத்தில் இக்னோஸ் என்று எழுதி அனுப்பினார். ஆய்விதழ் ஆசிரியருக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை. அடுத்து, கடவுளுக்கே வெளிச்சம் என்ற பொருளில் காட்நோஸ் என்று எழுதினார். அதற்கும் திட்டுதான் விழுந்தது! கடைசியில் 1928-ல் ஹெக்ஸுரானிக் அமிலம் என்ற சாதுவான பெயரில் கட்டுரை வெளியானது.

ஆனால் கையில் இருந்தது சிட்டிகை அளவுதான். அதை வைத்து அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. 1929-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்குப் போனார். அங்கே பக்கத்தில் பெரிய இறைச்சிக் கூடங்கள் இருந்தன. சுரப்பிகள் மலை மலையாகக் கிடைத்தன. மாதக்கணக்கில் உழைத்துப் பிரித்தெடுத்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 25 கிராம். அதில் ஒரு பகுதியை இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் ஹேவொர்த்துக்கு அனுப்பினார். அதுவும் போதவில்லை. ஆராய்ச்சி அப்படியே நின்றது.

சமையலறையில் கிடைத்த விடை

தாய்நாடு அழைத்தது. ஹங்கேரியின் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. 1931-ல் ஜோசஃப் ஸ்விர்பெலி என்ற இளைஞர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். வைட்டமின் சி ஆராய்ச்சியில் இருந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கிங்கிடம் வேலை பார்த்தவர் இவர். ஒரு பொருளில் வைட்டமின் சி இருக்கிறதா என்று சோதிக்கத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறில் ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயங்கள் கூட திறந்துகொள்ளும், கடைசியில் உயிரே போகும். பல மாதம் கடலில் இருந்த மாலுமிகள் இப்படித்தான் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் சரியாகும் என்பதை 1747-லேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சோதித்துக் காட்டிவிட்டார். ஆனால் அந்தப் பழத்துக்குள் இருக்கும் பொருள் எது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது.

பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. அதனால் சோதனைக்கு கினிப்பன்றிதான் சரி. சத்து அழியும்படி வேகவைத்த உணவு கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஹெக்ஸுரானிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழு நன்றாக இருந்தது. மற்றவை ஸ்கர்வி வந்து செத்தன.

விடை கிடைத்துவிட்டது. ஹெக்ஸுரானிக் அமிலம்தான் வைட்டமின் சி!

ஆனா இங்கேதான் சண்டையும் ஆரம்பம். 1932 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கின் கிங், தானும் இதையே கண்டுபிடித்ததாக அறிவித்தார். இரண்டு வாரத்துக்குள் சென்ட் ஜியார்ஜியின் கட்டுரையும் வெளிவந்தது. ஸ்விர்பெலி தன் பழைய பேராசிரியருக்கு முடிவைக் கடிதத்தில் எழுதியிருந்தார் என்பதால் யார் முதலில் என்ற சர்ச்சை வெடித்தது. கிங்குக்கும் பங்கு உண்டு என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டதே? அதற்கும் விடை வீட்டிலேயே இருந்தது. செகெட் நகரம் பாப்ரிகா எனும் சிவப்பு மிளகாய்க்குப் பெயர் போனது. ஒரு நாள் இரவு மனைவி சாப்பாட்டில் பாப்ரிகாவை வைத்தார். அவருக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவியிடம் நேராகச் சொல்லவும் தைரியம் இல்லை. இதை இதுவரை சோதித்துப் பார்க்கவில்லையே என்று ஒரு சாக்கு சொல்லி, மிளகாயோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு நழுவிவிட்டார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது. அந்த மிளகாய் முழுக்க வைட்டமின் சி!

மேயோ கிளினிக்கில் மாதக்கணக்கில் உழைத்து 25 கிராம் எடுத்தவர், இப்போது சில வாரங்களில் ஒரு கிலோவுக்கும் மேல் எடுத்துவிட்டார். அதைப் பூட்டி வைக்கவும் இல்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் அனுப்பி வைத்தார். ஹேவொர்த் அதை வைத்துத்தான் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடித்தார். ஸ்கர்வியைத் தடுப்பது என்ற பொருளில் இருவரும் சேர்ந்து வைத்த பெயர்தான் அஸ்கார்பிக் அமிலம்.

1937-ல் சென்ட் ஜியார்ஜிக்கு மருத்துவ நோபல் பரிசு. அதே ஆண்டு ஹேவொர்த்துக்கு வேதியியல் நோபலில் பங்கு. வைட்டமின் சி-க்காக மட்டும் அல்ல, செல் உணவை எரிக்கும் பாதையில் ஃபியூமரிக் அமிலம் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்கும் சேர்த்துத்தான் அந்தப் பரிசு. இன்று பள்ளிப் பாடத்தில் வரும் கிரெப்ஸ் சுழற்சிக்கு அது முக்கியமான ஒரு படி.

செல்லுக்குள் நடப்பது என்ன?

இப்போது நம் உடம்புக்குள் வருவோம். செல்லின் மின் நிலையம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி கடைசியில் ஆக்ஸிஜனிடம் போய்ச் சேரும். வழியில் சில எலக்ட்ரான்கள் ஒழுகிவிடும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஆக்ஸிஜன், சூப்பர் ஆக்சைடு என்ற அடங்காத மூலக்கூறாக மாறும். இதுபோன்றவற்றைத்தான் ஃப்ரீ ரேடிக்கல் என்கிறார்கள்.

இவை பெருகி, தடுக்கும் சக்தி குறைந்தால் செல்லின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் சேதமாகும். இந்த நிலைக்குப் பெயர்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். புகைபிடித்தல், கதிர்வீச்சு, காற்று மாசு எல்லாம் இதை அதிகமாக்கும்.

அப்படின்னா நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? செல்லுக்குள்ளேயே காவலுக்கு ஆள் இருக்கிறது. அந்தக் காவலர்கள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்கள்.

முதல் ஆள், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். சூப்பர் ஆக்சைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆபத்துதான். அதை இரண்டாவது ஆளான கேட்டலேஸ், தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குமே, அது கேட்டலேஸ் வேலை செய்வதால் வரும் ஆக்ஸிஜன் குமிழிதான். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும்.

மூன்றாவது, குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ். பெராக்ஸிடேஸ் என்ற பெயரை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? சென்ட் ஜியார்ஜி பழச்சாற்றில் பார்த்த என்சைமும் பெராக்சைடைக் கையாளும் வேலையைத்தான் செய்கிறது. நம் செல்லில் இருப்பது வேறு வகை. வேலை செய்ய இதற்கு செலினியம் என்ற தாதுவும் வேண்டும்.

இதில் வைட்டமின் சி எங்கே வருகிறது? அது என்சைம் அல்ல. எலக்ட்ரான் கொடுக்கும் சின்ன மூலக்கூறு. ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் ஒரு ஃப்ரீ ரேடிக்கல் அடங்கும். கொடுத்த பிறகு வைட்டமின் சி காலியாகிவிடும். அதை மறுபடி நிரப்ப உடம்பு மற்ற என்சைம்களின் உதவியைத்தான் நாடும். தோல், ஈறு, ரத்தக் குழாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் உருவாகவும் இந்த எலக்ட்ரான் தேவை. அது இல்லாமல் போவதால்தான் ஸ்கர்வியில் ஈறு கிழிந்து ரத்தம் வருகிறது.

சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் இந்த வேலையை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டுபிடித்தது 1969-ல்தான். குரோனிங்கனில் அந்த ஒரு நொடி தாமதத்தைப் பார்த்து 40 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

ஹிட்லரின் கோபம்

நோபல் பரிசு வாங்கியவர் அமைதியாக உட்கார்ந்துவிடவில்லை. 1939-ல் சோவியத் படை ஃபின்லாந்துக்குள் நுழைந்தபோது, அந்த நாட்டுக்கு உதவியாகத் தன் நோபல் தங்கப் பதக்கத்தையே கொடுத்துவிட்டார். அது பிறகு ஹங்கேரிக்கே திரும்பி வந்து, இன்று அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஹங்கேரி ஜெர்மனி பக்கம் நின்றது. அவர் யூதர்களைத் துன்புறுத்துவதை எதிர்த்தார், யூத நண்பர்களுக்கு உதவினார். 1943-ல் அறிவியல் சொற்பொழிவு என்ற பெயரில் துருக்கியின் இஸ்தான்புல்லுக்குப் போனார். உண்மையான வேலை வேறு. ஜெர்மனியின் பிடியிலிருந்து ஹங்கேரி விலகுவதற்காக, பிரதமருக்குத் தெரிந்தே நேச நாடுகளோடு ரகசியமாகப் பேசினார்.

விஷயம் ஜெர்மனிக்குக் கசிந்தது. ஹிட்லரே கொதித்துப் போனார். 1944-ல் ஜெர்மன் படை ஹங்கேரியை ஆக்கிரமித்ததும் கெஸ்டபோ அவரைத் தேடத் தொடங்கியது. ஒளிந்து ஒளிந்து வாழ்ந்தார். புடாபெஸ்டில் உள்ள ஸ்வீடன் தூதரகம் கொஞ்ச காலம் அடைக்கலம் கொடுத்தது. போரின் நடுவிலும் அவரது குழு தசைகள் எப்படிச் சுருங்குகின்றன என்ற ஆராய்ச்சியை நடத்திக் கொண்டுதான் இருந்தது. ஆக்டின் என்ற தசைப் புரதம் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

போர் முடிந்ததும் நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றார். ஆனால் சோவியத் பிடி இறுகியதும் நம்பிக்கை போனது. 1947-ல் அமெரிக்கா போய், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கடலோரம் இருக்கும் வுட்ஸ் ஹோலில் குடியேறினார்.

தனக்கே நேர்ந்த இழப்பு

தசை ஆராய்ச்சிக்காக 1954-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. அதன்பிறகு அவர் மனசை ஆக்கிரமித்தது புற்றுநோய். இரண்டாவது மனைவி மார்ட்டா 1963-ல் இறந்தார். ஒரே மகள் நெல்லி 1969-ல் இறந்தார். இருவரையும் கொண்டுபோனது புற்றுநோய்தான்.

செல் கட்டுப்பாட்டை இழப்பதற்கும் எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் நம்பினார். ஃப்ரீ ரேடிக்கல்களையும் அந்தக் கோணத்தில் ஆராய்ந்தார். 70 வயதைத் தாண்டியவரின் இந்த யோசனைகளை சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. நிதி கிடைக்கவில்லை. அவர் கஷ்டத்தைப் பத்திரிகையில் படித்த ஃபிராங்க்ளின் சாலிஸ்பரி என்ற வழக்கறிஞர் 25 டாலர் அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லித் தன் கைப்பட எழுதினார் சென்ட் ஜியார்ஜி. அதில் தொடங்கிய பழக்கம், 1973-ல் இருவரும் சேர்ந்து தேசிய புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்குவதில் போய் முடிந்தது.

புற்றுநோய்க்கான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. இது முதல் தோல்வியும் அல்ல. 1930-களில் எலுமிச்சையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்து வைட்டமின் பி என்று பெயரிட்டிருந்தார். நாம் அறிந்த பி காம்ப்ளக்ஸ் அல்ல, இது வேறு. ஆனால் அது வைட்டமினே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஃபிளேவனாய்டு என்று இன்று அழைக்கப்படும் பொருட்கள்தான் அவை.

1986 அக்டோபர் 22-ம் தேதி வுட்ஸ் ஹோலில் 93 வயதில் அவர் காலமானார்.

மாத்திரை போட்டால் போதுமா?

இப்போது நமக்குத் தேவையான கேள்விக்கு வருவோம். ஆன்டிஆக்ஸிடன்ட் நல்லது என்றால், மாத்திரையாக நிறையப் போட்டுக்கொள்ளலாமே?

விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து மிகப் பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது அதிர்ச்சி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் இதேபோல நடந்த இன்னொரு ஆய்வு, ஆபத்து தெரிந்ததால் 1996-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

ஏன் இப்படி? ஃப்ரீ ரேடிக்கல் முழுக்க முழுக்க வில்லன் அல்ல. நம் ரத்த வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லவே சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கின்றன. செல்கள் தங்களுக்குள் தகவல் சொல்லவும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு என்று பார்த்து அளவாக அடக்குவது என்சைம்கள்தான். வெளியிலிருந்து கொட்டும் மாத்திரைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அதற்காக வைட்டமின் சி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அது இல்லாமல் வாழவே முடியாது. ஆனா தேவை ரொம்பக் கம்மி. அமெரிக்கப் பரிந்துரைப்படி ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லி கிராம், பெண்களுக்கு 75 மில்லி கிராம். புகைபிடிப்பவர்களுக்கு இதைவிட 35 மில்லி கிராம் கூடுதலாக வேண்டும். 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லி கிராம் இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200-க்கும் மேல்! ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலே அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு நாளைக்கு 2,000 மில்லி கிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு வரலாம், சிலருக்கு சிறுநீரகக் கல் அபாயமும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மாத்திரையைச் சாப்பிடுங்கள். விளம்பரத்தைப் பார்த்து வேண்டாம்.

இன்னொன்று, சூட்டில் வைட்டமின் சி அழியும். வேகவைத்த உணவு சாப்பிட்ட கினிப்பன்றிகளின் கதி நினைவிருக்கிறதா? அதனால் பழங்களையும், பச்சையாகச் சாப்பிடக்கூடிய காய்களையும் அப்படியே சாப்பிடுவது நல்லது.

மிளகாயைச் சாப்பிடப் பிடிக்காமல் அவர் நழுவிப் போன அந்த செகெட் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிக்கு இன்று ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜியின் பெயர்தான். அடுத்த முறை நறுக்கிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு தெளிக்கும்போது பாருங்கள். அவர் ஒரு நொடியில் கண்ட அதே வேலை உங்கள் தட்டிலும் நடந்துகொண்டிருக்கும்.